மேற்கரைக்கு வந்த ஜீப்

மாட்டுப் பொங்கல் காலை ஆறரை மணி. திண்டிவனத்தில் அண்ணன் வீட்டு வாசலில், கோலத்தை மிதிக்காமல் இரண்டு வண்டிகள் ஒதுங்கி நின்றன. ஒன்று 1991-ஆம் வருஷத்து மகிந்திரா எம்.எம். 540 ஜீப், அண்ணனுடையது. மற்றது 2019-இல் வந்த தார் 700, அக்கா மகனுடையது. எங்களுக்கு அவன் மாப்பிள்ளை. முதல் நாள் இரவே சென்னையிலிருந்து ஓட்டி வந்திருந்தான். இரண்டுக்கும் என்ன உறவு என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு உருண்டை விளக்கு, நடுவே நெட்டுக்குத்துப் பட்டைகள், இருபக்கமும் தட்டையான மட்கார்டு. தாத்தாவின் ஜாடை பேரனுக்கு அப்படியே இறங்கியிருந்தது.

அண்ணன் சாவியைப் பாதி திருப்பிப் பிடித்துக்கொண்டு, "இருபது எண்ணு" என்றார் என்னிடம். டீசல் வண்டி, ஹீட்டர் சூடேற வேண்டும். மார்கழி முடிந்து இரண்டாம் நாள்தான் என்பது அதற்கும் தெரியும் போல. எண்ணி முடித்ததும் செல்ஃப் இழுத்தது. வண்டி ஒருமுறை இருமியது, கறுப்பாகப் புகைவிட்டது, பிறகு உடம்பெல்லாம் ஆட ஓடத் தொடங்கியது. பின்னால் மாப்பிள்ளை தன் வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்பினான். அவ்வளவுதான், கிளம்பிவிட்டது.

திருவாமாத்தூர் போக வேண்டும் என்பது அண்ணனின் நேர்த்திக்கடன் மாதிரி. ஜீப்புக்கு ஆர்.சி. புதுப்பித்துச் சில நாள்தான் ஆகியிருந்தது. பழைய வண்டியை வைத்திருப்பவர்களுக்கு அது தேர்வு எழுதிப் பாஸான சந்தோஷம். 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. இருபது வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கிவிட்டார்கள். "வித்தா என்ன வருமோ அதுல ஒரு பங்கை கவர்மென்டுக்கே கட்டிட்டேன். அஞ்சு வருஷம் கவலை இல்ல" என்றார் அண்ணன். மாடுகள் கும்பிட்ட ஊர் திருவாமாத்தூர். மாட்டுப் பொங்கலன்று அங்கே போய் வண்டிக்கு ஒரு பூஜை போட்டுவிட வேண்டும், அதுதான் திட்டம்.

நான் ஜீப்பில்தான் ஏறினேன். ஏசி இருக்கிற வண்டி பின்னால் வரும்போது காற்று அறைகிற வண்டியில் ஏறுவது புத்திசாலித்தனமா என்று கேட்காதீர்கள். அந்த இருக்கைக்கு ஒரு காரணம் இருந்தது.

எங்கள் பெரியப்பா, அதாவது அண்ணனின் அப்பா, மாப்பிள்ளையின் தாத்தா, ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் ஜீப் டிரைவர். இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டினார். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் 'ஜீப் வருது' என்றால் அரசாங்கம் வருகிறது என்று அர்த்தம். எந்த ஜீப் என்பதுதான் கேள்வி. பி.டி.ஓ. ஜீப் என்றால் ரோடு, கிணறு. தாலுகா ஜீப் என்றால் ஜப்தி. சுகாதாரத் துறை ஜீப் என்றால் பிள்ளைகள் ஊசிக்குப் பயந்து வைக்கோல்போருக்குப் பின்னால் ஓடும். மைக் கட்டிய ஜீப் என்றால் தேர்தல். புழுதியைப் பார்த்தே எந்த ஜீப் என்று சொல்லும் ஆட்கள் இருந்தார்கள். யாரும் அதை 'ஆஃப்ரோடு வண்டி' என்று சொன்னதில்லை. ரோடே இல்லாத ஊரில் அந்தச் சொல்லுக்கு என்ன வேலை?

பெரியப்பாவுக்குச் சொந்தமாக ஒரு சைக்கிள் இருந்தது. ஜீப் அவர் ஓட்டியது, அவருடையது அல்ல. அவர் ஓய்வுபெற்ற பிறகு, 2006-இல், கண்டம் செய்யப்பட்ட அரசு வண்டிகளின் ஏலத்தில் அண்ணன் இந்த ஜீப்பை எடுத்தார். அப்பா ஓட்டிய அதே வண்டி என்று எழுத எனக்கும் ஆசைதான். இல்லை, இது வேறு ஒன்றியத்து வண்டி. ஆனாலும் பெரியப்பா வந்து ஒருமுறை ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "என் வண்டியைவிட நல்லா வச்சிருந்திருக்கான்" என்று முகம் தெரியாத அந்த டிரைவரைப் பாராட்டினாராம்.

இன்றைக்கு அப்படி ஒரு ஏலம் நடக்காது. பதினைந்து வருஷம் கடந்த அரசு வாகனங்களின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் செல்லாது என்று மத்திய அரசு விதி கொண்டுவந்துவிட்டது. ராணுவம், சட்டம் ஒழுங்கு போன்றவற்றுக்கான சிறப்பு வண்டிகளுக்கு மட்டும் விலக்கு. மற்றவை பதிவு பெற்ற உடைப்பு மையத்துக்குத்தான் போக வேண்டும். இதுவும் ஒரு வழியனுப்புதான். மாலை கிடையாது, கையெழுத்து கிடையாது, வெல்டிங் தீ மட்டும்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் ஐம்பத்தைந்துக்கு மேல் அண்ணன் அழுத்தவில்லை. பேருந்துகள் ஒவ்வொன்றாகத் தாண்டிப் போயின. மாப்பிள்ளை மட்டும் பொறுமையாகப் பின்னாலேயே வந்தான். கூட்டேரிப்பட்டு தாண்டும்போது அண்ணன் மயிலம் பக்கம் கை காட்டினார். 2024 ஃபெஞ்சல் புயலின்போது மயிலத்தில் ஒரே நாளில் கொட்டியது சுமார் 50 சென்டிமீட்டர் மழை. ஏரிகள் உடைந்து, தார்ச்சாலை எது வாய்க்கால் எது என்று தெரியாமல் கிடந்த அந்த இரண்டு மூன்று நாள்கள், இந்த ஜீப் பால் பாக்கெட்டும் அரிசி மூட்டையும் ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனதாம். "இத்தன வருஷத்துல அப்பதான் இது மறுபடியும் டூட்டி பார்த்துச்சு" என்றார்.

விக்கிரவாண்டி சுங்கச்சாவடி தாண்டி டீக்கு நிறுத்தினோம். கண்ணாடி டம்ளருடன் தாரைச் சுற்றிவந்தேன். நீலமும் பச்சையும் கலந்த கடல் நிறம். பானெட்டின் பக்கவாட்டில் ஸ்டிக்கர் கோடுகள், கறுப்பு முகப்பு, ஐந்து ஆரங்கொண்ட அலாய் சக்கரம், தோல் மாதிரியான உறையில் தாரின் பெயர் பொறித்த இருக்கை. முன் மட்கார்டின் பக்கத்தில் ஒரு சிறு உலோகத் தகடு. அதில் மகிந்திரா கம்பெனித் தலைவர் ஆனந்த் மகிந்திராவின் கையெழுத்து.

இந்தத் தகட்டுக்கு ஒரு நீண்ட கதை உண்டு. 1945-இல் மகிந்திரா அண்ட் முகமது என்ற பெயரில் எஃகு வியாபாரத்துக்குத் தொடங்கப்பட்ட கம்பெனி அது. தேசப் பிரிவினையில் கூட்டாளி குலாம் முகமது பாகிஸ்தானுக்குப் போய் அந்நாட்டின் முதல் நிதியமைச்சர் ஆனார். இங்கே நின்றவர்கள் 1948-இல் பெயரை மகிந்திரா அண்ட் மகிந்திரா என்று மாற்றிக்கொண்டார்கள். அமெரிக்காவின் வில்லிஸ் கம்பெனி, இரண்டாம் உலகப் போருக்காக 1941 முதல் செய்துகொண்டிருந்த ஜீப்பின் வாரிசை, பாகங்களாக வரவழைத்து 1949-இல் இங்கே பூட்டினார்கள். போர்க்களத்து வண்டி இப்படித்தான் நம்ம பி.டி.ஓ. ஆபீசுக்கு வந்தது. அந்த வம்சத்தின் கடைசிப் பழைய முகம் 2010-இல் வந்த தார். 2019 அக்டோபரில் புதிய விபத்துப் பாதுகாப்பு விதிகளும் 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை விதியும் வரவிருந்தன. இந்த உடம்போடு அந்தக் கதவில் நுழைய முடியாது. எனவே எழுபது வருஷத்துப் பாரம்பரியத்தைக் கொண்டாட 700 வண்டிகள், இவைதான் கடைசி என்று சொல்லி 2019 ஜூனில் இறக்கினார்கள். விலை 9 லட்சத்து 99 ஆயிரம். மாப்பிள்ளை வேலைக்குச் சேர்ந்து சேர்த்த பணத்தோடு கடனும் வாங்கி, அதில் ஒன்றைப் பிடித்தான்.

எல்லா ஜீப்புக்கும் இந்த மரியாதை கிடைக்கவில்லை. 1985-இல் வந்த மாருதி ஜிப்சி, ராணுவத்திலும் போலீசிலும் காட்டிலும் முப்பது வருஷத்துக்கு மேல் உழைத்தது. அதற்குக் கடைசியாக ஒரு ஸ்டிக்கர்கூட ஒட்டவில்லை. இனி முன்பதிவு வாங்க வேண்டாம் என்று 2019-இல் டீலர்களுக்குப் போன தகவலோடு பொதுமக்கள் விற்பனை முடிந்தது.

இங்கிலாந்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. லேண்ட் ரோவர் டிஃபெண்டர் நிற்கப்போகிறது என்றதும் 2015-இல் மூன்று வகை வழியனுப்புப் பதிப்புகள். அந்த வரிசையின் இருபது லட்சமாவது வண்டி அந்த டிசம்பரில் நான்கு லட்சம் பவுண்டுக்கு ஏலம் போனது. 2016 ஜனவரி 29 அன்று சோலிஹல் தொழிற்சாலையில் கடைசி வண்டி இறங்கியது. 1948-இல் ஆரம்பித்த கதை முடிந்தது என்று எழுதினார்கள். இரண்டே வருஷத்தில், பழைய டிஃபெண்டர்களைப் பிரித்துப் புது எஞ்சின் பூட்டி 150 வண்டிகளை அதே கம்பெனி ஒன்றரை லட்சம் பவுண்டு தொடக்க விலையில் விற்றது. இங்கேயும் 2020 அக்டோபர் 2 அன்று புதிய தார் வந்துவிட்டது. அதன் முதல் வண்டி நற்பணிக்கான ஏலத்தில் 1 கோடியே 11 லட்சத்துக்குப் போனது. போய்வருகிறேன் என்று சொல்லும் நம்ம ஊர் வழக்கத்தைக் கம்பெனிகள் நன்றாகப் புரிந்துவைத்திருக்கின்றன.

விழுப்புரத்தைத் தொட்டு, செஞ்சி சாலையில் ஏறி, கிளைச் சாலையில் திரும்பினோம். விழுப்புரத்திலிருந்து ஆறேழு கிலோமீட்டர்தான். இருபுறமும் கரும்பு, நெல். வழியெல்லாம் மாடுகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு வீட்டு வாசலில் பாட்டி ஒருவர் பசுவின் ஒரு கொம்புக்கு நீலமும் மறு கொம்புக்குச் சிவப்பும் அடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் டிராக்டருக்கும் பொட்டு வைத்தாயிற்று.

திருவாமாத்தூர் என்ற பெயரிலேயே 'ஆ' இருக்கிறது. கொம்பில்லாத பசுக்கள் இங்கே சிவனை வழிபட்டுக் கொம்பு பெற்றன என்பது தலபுராணம். மூலவர் அபிராமேசுவரர், அம்மன் முத்தாம்பிகை. அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரும் பாடிய நடுநாட்டுத் தலம். சுவாமிக்குத் தனிக் கோயில், அம்மனுக்கு எதிரே தனிக் கோயில். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி இருக்கிறார்கள். வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள் மடம் அமைத்து வாழ்ந்து 1898-இல் மறைந்ததும் இந்த ஊரில்தான்.

அம்மன் கோயிலில் வட்டப்பாறை இருக்கிறது. அதன்மேல் கைவைத்துப் பொய்ச் சத்தியம் செய்தால் தண்டனை நிச்சயம் என்பது நம்பிக்கை. தம்பியின் பணத்தைத் தடிக்குள் மறைத்துவைத்துச் சத்தியம் செய்த அண்ணனைப் பாம்பு தீண்டிய கதையைப் பக்கத்தில் நின்ற அம்மா ஒருவர் எங்களுக்குச் சொன்னார். எங்கள் அண்ணன் சீரியசாகக் கேட்டுவிட்டு, "பழைய வண்டி புரோக்கர் அத்தன பேரையும் ஒரு நாள் இங்க கூட்டியாரணும் மாப்ள. 'ஆக்சிடென்ட் இல்லாத வண்டி'ன்னு கை வைக்கச் சொல்லணும்" என்றார்.

பூஜை வாசலில் நடந்தது. குருக்கள் இரண்டு வண்டிக்கும் மாலை போட்டார், எட்டு எலுமிச்சம்பழம் வைத்தார். தாருக்குச் சந்தனம் தெளிக்கும்போது ஒரு துளி சரியாக அந்தக் கையெழுத்துத் தகட்டின்மேல் போய் உட்கார்ந்தது. குருக்கள் அதன்மேலேயே குங்குமமும் வைத்துவிட்டார். மாப்பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. அவர் நகர்ந்ததும் டேஷ்போர்டிலிருந்து மெல்லிய துணி ஒன்றை எடுத்து, தகட்டை மட்டும் ஒற்றியெடுத்தான்.

ஜீப்பின் கதவில் வேறொன்றைப் பார்த்தேன். அண்ணன் அதற்குப் பச்சைப் பெயிண்ட் அடித்துப் பல வருஷம் ஆகிறது. ஆனால் காலை வெயில் சாய்வாக விழுந்தபோது, பெயிண்டுக்கு அடியிலிருந்து பழைய எழுத்துகள் புடைத்துத் தெரிந்தன. 'ஊராட்சி ஒன்றி' வரை வாசிக்க முடிந்தது. மிச்சம் ஒட்டுப்போட்ட தகரத்துக்குள் போய்விட்டது.

கோயிலிலிருந்து ஆற்றைப் பார்க்கலாம் என்று கிளம்பினோம். பம்பை ஆறு. இறங்குகிற வண்டித்தடத்தின் இருபக்கமும் சீமைக்கருவேலம் தலை நீட்டிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை பிரேக் போட்டான்.

"நான் இங்கயே ஓரமா நிறுத்திடறேன் மாமா. முள்ளு கீறிடும். இந்தக் கலர் இப்ப எங்கயும் கிடைக்காது."

ஆறரை வருஷத்தில் அந்த வண்டி ஓடியது பதினோராயிரம் கிலோமீட்டர் என்று மீட்டர் சொன்னது. வண்டியை வேப்பமரத்தடியில் விட்டுவிட்டு வந்து ஜீப்பின் பின்னால் பெஞ்சு சீட்டில் ஏறிக்கொண்டான். அண்ணன் எதுவும் கேட்கவில்லை. பெரிய கியர் கம்பிக்குப் பக்கத்தில் இரண்டு குட்டிக் கம்பிகள் உண்டு. ஒன்று முன்சக்கரங்களுக்கும் பலம் கொடுக்கும். இன்னொன்று வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும். பெரியப்பா இதை 'ஸ்பெஷல்' என்பார். அண்ணன் இரண்டையும் தட்டினார். வண்டி நடக்கிற வேகத்தில், முனகிக்கொண்டே, மணலுக்குள் இறங்கியது. கருவேல முள் தகரத்தில் கிறீச்சென்று கோடு போட்டது. கணுக்கால் அளவு தண்ணீரைத் தாண்டி நடு மணலில் நிறுத்தினார்.

அங்கே நின்றுதான் இரட்டைப் புலவர் கதையை அவனுக்குச் சொன்னேன். ஒருவருக்குக் கண் தெரியாது, ஒருவருக்குக் கால் நடக்காது. நடக்க முடியாதவரைத் தோளில் சுமந்துகொண்டு கண் தெரியாதவர் நடக்க, மேலிருப்பவர் வழி சொல்ல, ஊர் ஊராகப் போய்ப் பாடினார்கள்.

"அப்ப அதுவும் ஃபோர் வீல்தான் மாமா. ரெண்டு கால், ரெண்டு கண்ணு" என்றான் மாப்பிள்ளை.

அவர்கள் இந்த ஊருக்கு வந்து திருவாமாத்தூர்க் கலம்பகம் பாடினார்கள். அதில் கோயில் ஆற்றின் மேற்கரையில் இருப்பதாகப் பாடிவிட்டார்கள். கேட்டவர்கள் ஒப்பவில்லை. கோயில் இருந்தது கிழக்குக் கரையில். அன்றிரவு பெருமழை பெய்து வெள்ளம் வந்து, விடிந்து பார்த்தால் ஆறு கோயிலுக்கு மறுபக்கமாக ஓடிக்கொண்டிருந்தது என்பது ஊரில் வழங்கும் கதை. கோயில் ஓர் அடிகூட நகரவில்லை. ஆனால் மேற்கரைக்கு வந்துவிட்டது.

சொல்லி முடித்தபோதுதான் எனக்கே ஒன்று உறைத்தது. ஜீப்புக்கு நடந்ததும் இதுதான். அதன் உருவம் பெரிதாக மாறவில்லை. அதே முகம், அதே சட்டகம், அதே குட்டிக் கம்பி. ஆறுதான் மாறிப்போனது. 1994-இல் டாடா சுமோ வந்தது, 2000-இல் பொலேரோ வந்தது, அதிகாரிகள் கதவடைத்த வண்டிக்குள் ஏறிக்கொண்டார்கள். அதே 2000 டிசம்பரில் பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் தொடங்கியது. ஜீப் மட்டுமே போன ஊர்களுக்கு ஷேர் ஆட்டோ போயிற்று. நல்ல விஷயம்தான். ரோடு வந்த ஊரில் யாரும் ஜீப்புக்காக அழவில்லை, அழவும் தேவையில்லை. வேலை என்னும் ஆறு ஒதுங்கியதும், வேலைக்கரையில் இருந்த வண்டி ஆசைக்கரைக்கு வந்தது. ரோடு இல்லாததால் வாங்கிய வண்டியை, ரோடு இல்லாத இடத்தைத் தேடிப் போவதற்காக வாங்குகிறார்கள். 700 என்று எண்ணி, கையெழுத்துப் போட்டு விற்க முடிவது அதனால்தான்.

இதை நான் குறையாகச் சொன்னேன் என்று மாப்பிள்ளை நினைத்திருக்க வேண்டும். கொஞ்சம் பொறுத்து, "தாத்தா இருபது வருஷம் ஓட்டினாரு. ஒரு நாளும் அவரோடது இல்ல. நான் ஓட்டலன்னாலும் இது என்னோடது மாமா" என்றான். அதற்கு நானும் அண்ணனும் பதில் சொல்லவில்லை. அதில் நியாயம் இருக்கிறது. டிரைவரின் பேரன் ஓனர் ஆவதற்கு அந்த ஆறு திசை மாறத்தான் வேண்டியிருந்தது.

அண்ணன் முன்சீட்டுக்கு அடியில் கைவிட்டு ரெக்சின் பையொன்றை எடுத்தார். உள்ளே புது ஆர்.சி.யும் காப்பீட்டுத் தாளும். அவற்றுக்கு அடியில் நீள வாக்கில் ஒரு பழைய நோட்டு. பெரியப்பாவின் லாக் புக். ஓய்வுபெற்றபோது எப்படியோ வீட்டுக்கு வந்துவிட்டது. தேதி, புறப்பட்ட இடம், சேர்ந்த இடம், கிலோமீட்டர், எதற்காக, டீசல் எத்தனை லிட்டர், கடைசிக் கட்டத்தில் அதிகாரியின் கையெழுத்து. பள்ளிக்கூடத் தணிக்கை. குடிநீர்க் கிணறு ஆய்வு. வெள்ளச் சேதம் பார்வையிடல். தேர்தல் பணி. பெரியப்பாவின் எழுத்து சாய்ந்து சாய்ந்து போகிறது. ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு கையெழுத்து. சில பக்கங்களில் கிரீஸ் விரல் தடம்.

மாப்பிள்ளை அதை நெடுநேரம் புரட்டினான். "தாத்தா வண்டிக்கு எத்தன கையெழுத்து!" என்றான்.

வழியனுப்புப் பதிப்பு வழியனுப்புவது விற்பனையைத்தான், வண்டியை அல்ல. வண்டிக்கு உயிர் பட்டறையில் இருக்கிறது. விழுப்புரத்தில் ஸ்பிரிங் பட்டை அடித்துக்கொடுக்க ஆள் இருக்கும்வரை, பழைய எஞ்சினின் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்கிற மெக்கானிக் இருக்கும்வரை அது ஓடும். உறையைப் போட்டு மூடிவைத்த வண்டிக்கு ஓடுகிற காலம் முன்பே முடிந்துவிடுகிறது. இந்த 700-இல் ஒன்றை வைத்திருப்பவர்கள் யாராவது இதை வாசித்தால் ஒரே ஒரு வேண்டுகோள். வண்டியை மண்ணில் இறக்குங்கள். முள் கீறினால் கீறட்டும். கூடவே ஒரு நோட்டுப் போட்டு, போன இடத்தை எழுதிவையுங்கள்.

திரும்பும்போது மாப்பிள்ளை தாரை அந்தத் தடத்தில் இறக்கினான் என்று எழுதினால் கதை நன்றாக முடியும். அவன் இறக்கவில்லை. ஆனால் திண்டிவனத்தில் இறங்கியதும் மீட்டரைப் பார்த்து, செல்போனில் தேதியும் கிலோமீட்டரும் குறித்துக்கொண்டான். 'எதற்காக' என்ற இடத்தில் 'திருவாமாத்தூர், பூஜை' என்று எழுதியிருந்தான்.

அண்ணனின் ஜீப்புக்கு இப்போது வயது 35. ஆர்.சி. 2031 வரை செல்லும்.